மாமல்லைச் சிற்பமும் காண்போர் கண்ணும்

பழந்திருக்கோயில்களுக்குச் செல்வோரிடத்து ஒரு வினா எப்பொழுதும் முந்தி எழுகின்றது. 'இது யாருடைய உருவம்?' என்பதே அவ்வினா. விடை கிடைத்தவுடன் கண் அடுத்த தூணை நாடுகின்றது. வழிகாட்டியும் அதற்கேற்பப் பெயர்களை அடுக்கிக்கொண்டு போகின்றான். கோயிலை வலம் வந்தவர் பெயர்ப் பட்டியலொன்றை மனத்திற் கொண்டு திரும்புகின்றாரேயன்றி, கல்லில் உளி செய்த வேலையைக் கண்டு திரும்பினாரல்லர். இக்குறை பாமரர்க்கே உரியதெனக் கருதுதல் தவறு. கற்றோரிடத்தும், சொல்லப்போனால் கற்றோரிடத்தே மிகுதியாகவும், இது காணப்படுகின்றது. மாமல்லபுரத்துப் பெரும்பாறைச் சிற்பம் பற்றி ஒரு நூற்றாண்டுக்கு மேலாக நிகழ்ந்துவரும் வாதம் இதற்குத் தக்க சான்றாகும்.

பல்லவர் நாடு ஈழத்துக்கு அயலானதன்று. அரசிழந்த மானவர்மன் பல்லவன் நரசிம்மவர்மனிடம் அடைக்கலம் புகுந்து, அவன் போரில் துணைநின்று, பின்னர் அவன் அளித்த படையொடு கடல் கடந்து இலங்கையாட்சியை மீட்ட வரலாற்றை மகாவம்சத்தின் தொடர்ச்சி கூறுகின்றது. சிதம்பர தரிசனத்தை நோக்கமாகக் கொண்டு புறப்படும் ஈழத்து அடியார் பலர் இன்றும் மாமல்லபுரத்தையும் தம் செலவிற் சேர்த்துக்கொள்கின்றனர். அங்கே பூசை நிகழாத குகைகளும் இரதங்களுமே மிகுதியாதலின், கும்பிட்டு அகலும் வழக்கமான வழி அவர்க்கு அடைபட்டுவிடுகின்றது. எனவே பெயர் கேட்டு அகல்கின்றனர்.

பெரும்பாறைச் சிற்பம் ஏறத்தாழ 96 அடி நீளமும் 43 அடி உயரமும் உடையது. அருகருகே நிற்கும் இரு பாறைகளின் முகத்தில் நூற்றுக்கு மேற்பட்ட உருவங்கள் புடைப்பாகச் செதுக்கப்பட்டுள்ளன. நடுவே இயற்கையாய் அமைந்த பிளவில் நாகராசனும் நாகியரும் கைகுவித்து மேலெழுகின்றனர். பிளவின் இடப்புறம், மேற்பகுதியில், விலா எலும்பு தோன்ற மெலிந்த தவசி ஒருவன் ஒற்றைக்காலில் நின்று கைகளைத் தலைக்குமேல் உயர்த்தியிருக்கின்றான். அருகே நாற்கரத்துச் சிவபெருமான் பூதகணம் சூழ வரமளிக்கும் கையோடு நிற்கின்றார். தவசி பாசுபதம் வேண்டிய அருச்சுனனே என்பது நெடுநாள் வழங்கிய கருத்து. 1914 இல் பிரெஞ்சு மொழியில் எழுதிய விக்தர் கொலுபேவ், அவன் கங்கையைக் கொணர்ந்த பகீரதன் என்றார். ஆனந்த குமாரசுவாமியும் அக்கருத்தையே மேற்கொண்டார்.

இரு கட்சியாரிடத்தும் வலிமையுண்டு. பாறையின் உச்சியில் நீர்த்தொட்டியிருந்தமைக்கு அடையாளம் உண்டு. விழாக்காலத்தில் அதனின்று பிளவின் வழியே நீர் வழிந்திருக்கலாம். நாகர் எழுவதும், கீழே ஒருவன் ஈர ஆடையைப் பிழிவதும், மற்றொருவன் குடத்தில் நீர் சுமப்பதும் ஆற்றங்கரைக் காட்சிகளே. அருச்சுனன் எனின் வேட்டுவ வடிவும் பன்றியும் எங்கே என்ற வினா எழும். பகீரதன் எனின் கங்கை பெண்ணுருவாய் ஏன் தோன்றவில்லை, சடையில் ஏன் ஏற்கப்படவில்லை என்ற வினா எழும். பிற்கால ஆய்வாளர் சிலர் இரண்டும் பொருந்தவே சிற்பி செய்தான் என்றும், காவியத்துச் சிலேடை போலக் கல்லிலும் சிலேடை உண்டு என்றும் கூறுவர். பல்லவர் அவைக்களத்து வடமொழிப் புலமையை நோக்குமிடத்து இம்மூன்றாவது கருத்து ஏற்புடையதாகவே தோன்றுகின்றது. ஆயினும் இதுவும் பெயரைப் பற்றிய வாதமே. ஒரு பெயருக்குப் பதிலாக இரு பெயர்கள் கிடைத்தன என்பதைத் தவிரக் கண்ணுக்கு இதனால் ஆன பயன் சிறிது.

கண் காண்பது யாது? பாறையின் இருபுறத்தும் தேவர், கந்தருவர், வேடர், விலங்குகள் யாவும் பிளவை நோக்கியே விரைகின்றன. பறப்போரின் மடங்கிய கால்கள் அவ்விரைவைக் காட்டுகின்றன. இத்துணை இயக்கத்தின் நடுவே அசையாதோர் சிலரே. தவசி அசைவற்றவன். வலப்புறத்துப் பேரானையும், தன் குட்டிகளைக் காலடியிற் கொண்டு, மலைபோல் அமைதியாய் நிற்கின்றது. தவத்தால் வந்த அசைவின்மையும் பருமையால் வந்த அசைவின்மையும் ஒரு பாறையிலேயே எதிரெதிராக நிறுத்தப்பட்டமை தற்செயலென்று கொள்ளுதற்கில்லை. இடப்புறத்தே, திருமால் சிறுகோயிலின் கீழ், மானொன்று பின்னங்காலைத் தூக்கி முகத்தைச் சொறிகின்றது. உலகே திரண்டு வரும் பெருநிகழ்ச்சியை அது பொருட்படுத்தவில்லை. அருச்சுனன் கதைக்கும் பகீரதன் கதைக்கும் இம்மான் வேண்டப்படுவதன்று. சிற்பத்துக்கோ அது இன்றியமையாதது.

யானையின் அருகே பூனையொன்று பின்னங்கால்களில் நின்று, தவசியைப் போலவே முன்னங்கால்களை உயர்த்தித் தவம் புரிகின்றது; எலிகள் அச்சமின்றி அதன் காலடியில் நிற்கின்றன. போலித்தவம் புரிந்து எலிகளை உண்ட பூனையின் கதை மகாபாரதத்து உத்தியோக பருவத்திலும் உண்டு. மேலே மெய்த்தவம், கீழே அதன் பகடி. பக்திச் சிற்பம் நகைக்க அறியாதது என்போர் இப்பூனையின் முன் சற்று நிற்றல் வேண்டும். நகைச்சுவையாயினும் அது தவத்தைக் குறைக்கவில்லை என்பதும் கருதத்தக்கது. பூனையைப் பார்த்தபின் மேலே நோக்குவார்க்கு அத்தவசியின் எலும்புகள் முன்னிலும் கூர்மையாகத் தோன்றுகின்றன.

பண்டையோர் திருவுருவங்களை வழிபட்டனரேயன்றிக் கலையாகக் கண்டவரல்லர் என்று ஒரு கொள்கை பரவியிருக்கின்றது. கலையுணர்ச்சி மேனாட்டார் தந்தது என்பது அதன் உட்கிடை. இதற்கு மறுப்பு மாமல்லபுரத்தைப் பற்றிய பழநூலொன்றிலேயே உளது. காஞ்சியில் வாழ்ந்த தண்டி இயற்றிய அவந்திசுந்தரீ கதையில், இலலிதாலயன் என்னும் தபதி, கடற்கரையிலிருந்த திருமால் திருவுருவத்தின் உடைந்த கையைத் தான் இணைத்திருப்பதை வந்து காணுமாறு புலவரை அழைக்கின்றான். புலவரும் நண்பரொடு மாமல்லபுரம் சென்று அவ்வேலையைப் பார்க்கின்றார். ஏறத்தாழ ஆயிரத்து முந்நூறு ஆண்டுகட்கு முன்னரே, வேலைப்பாட்டை மதிப்பிடும் பொருட்டு ஒரு புலவர் காஞ்சியினின்று கடற்கரைக்குப் பயணஞ் செய்தாரெனக் கதை கூறுகின்றது. அவ்வழைப்பு, வந்து பொருத்தைப் பாருங்கள் என்பது. 'இது யார்?' என்ற வினாவுக்கு அங்கே இடமேயில்லை.

இக்கொள்கை வலுப்பெற்றமைக்கு வரலாற்றுக் காரணமும் உண்டு. 1910 இல் இலண்டன் மாநகரத்துக் கூட்டமொன்றில், இந்தியாவில் நுண்கலையே இல்லையென்று கருதிய சேர் ஜோர்ஜ் பேர்ட்வுட், புத்தர் திருவுருவத்தை அவித்த பிட்டுப் பண்டத்தோடு ஒப்பிட்டு இகழ்ந்தார். ஹாவெலும், கொழும்பிற் பிறந்த ஆனந்த குமாரசுவாமியும் இத்தகைய இகழ்ச்சியை எதிர்த்து எழுதினர். இத்திருவுருவங்கள் தத்துவத்தின் வடிவங்கள், அவற்றின் பொருளறியாது குறைகூறல் தகாது என்பது அவர்தம் வாதத்தின் சாரம். அன்றைக்கு அது வேண்டப்பட்ட விடையே. குமாரசுவாமி தாமே கூரிய கண்ணினர். கோட்டின் ஓட்டத்தையும் உடலின் நிலையையும் அவர் நன்கறிவார். அவர் வழிவந்தோரோ கண்ணை விட்டுவிட்டுத் தத்துவத்தை மட்டும் எடுத்துக்கொண்டனர். கையில் உடுக்கை இருந்தால் படைப்பு, தீ இருந்தால் அழிப்பு என்று எழுதி முடித்தால் விமரிசனம் முடிந்தது என்ற நிலை உண்டாயிற்று. ஒரே பொருளைக் குறிக்கும் இரு திருவுருவங்களுள் ஒன்று சிறந்தும் ஒன்று தாழ்ந்தும் இருப்பது ஏன் என்பதற்கு இம்முறையில் விடையில்லை. சென்னை அருங்காட்சியகத்து நடராசர் திருவுருவத்தை நிழற்படத்திலே கண்டு எழுதிய பிரெஞ்சுச் சிற்பி ரொடான், சைவ சித்தாந்தம் கற்றவரல்லர். தோளையும் தொடையையும் கண்ட வியப்பையே அவர் எழுதினார். அதிற் பிழைகள் இருக்கலாம். ஆயினும் பார்த்தவரின் எழுத்து அது.

பொருளறிவு வேண்டாம் என்பது இதனாற் பெறப்படுவதன்று. மலைமேலுள்ள மகிடாசுரமர்த்தனி குகையில் இவ்வுண்மையைச் சோதித்துப் பார்க்கலாம். ஒரு பக்கச் சுவரில் தேவி சிங்கத்தின்மீது அமர்ந்து எண்கரத்தோடு போர் புரிகின்றாள். வில் முழுதும் வளைந்து நிற்கின்றது. அவளைச் சூழ்ந்து குள்ளப் பூதகணங்கள் முன்னேறுகின்றன. எதிரே எருமைத் தலையும் மனிதவுடலும் கொண்ட மகிடன், இருகையாலும் தண்டைப் பற்றியவாறு, பின்னே சாய்கின்றான். பிற இடங்களிற் பெரும்பாலும் எருமைத் தலைமேல் தேவி நிற்பதாகவோ அவனைச் சூலத்தாற் குத்துவதாகவோ காட்டுவர். அவை முடிந்த போர்கள். இங்கே சிற்பி தேர்ந்தது போர் முடியாத கணம். மகிடன் உடல் பின்வாங்குகின்றது, பிடி தளரவில்லை. அவனுக்கும் குடை பிடிக்கப்பட்டுள்ளது. அவன் அரசனாகவே தோற்கப் போகின்றான். தேவியோ உருவில் அவனினும் சிறியவள், மெல்லியள். பருவுடலைச் சாய்ப்பது அவள் விரைவேயன்றி வலிமையன்று என்பதைக் கண்ணே கூறிவிடுகின்றது.

எதிர்ச்சுவரில் திருமால் பாம்பணையிற் கிடக்கின்றார். நீண்டு படுத்த அவ்வுடலில் ஒரு முறுக்குமில்லை. காலடியில் மதுவும் கைடபனும் தாக்கக் கருதி நின்றும் தயங்குகின்றனர். பூதேவி மண்டியிட்டு வணங்குகின்றாள். ஒரு சுவரில் சாய்கோடுகள், மறுசுவரில் கிடைக்கோடு; ஒன்றில் ஆரவாரம், மற்றதில் துயில். நடுவே கருவறையிற் சோமாஸ்கந்தர். இவ்வளவும் கண் தானே காணத்தக்கவை. இவ்விரு சுவர்களும் ஏன் எதிரெதிராய் நின்றன என்று கேட்கும்பொழுதே நூலறிவு உதவுகின்றது. தேவி மாகாத்மியத்தில் மகிடன் வதைக்கு முன்னே வருவது மது கைடபர் கதை. அதில் திருமாலின் கண்ணில் துயிலாய் உறைபவளும் தேவியே. ஆதலின் ஒருத்தியே ஒரு சுவரில் போராகவும் மறுசுவரில் உறக்கமாகவும் இருக்கின்றாள். இரண்டாம் சுவரில் அவளுக்கு உருவேயில்லை. இதை முன்னரே அறிந்து உள்ளே நுழைபவன் கதையைச் சரிபார்த்துத் திரும்புவான். முதலிற் கண்டு, பின்னர் அறிந்தவனுக்கே அவ்வெறுமை புலப்படும்.

பெயர் கேட்போர் கேளாத பெயர்களும் சில உள. மாமல்லபுரத்தை அடுத்த பூஞ்சேரியிற் பாறைமேல் கேவாத பெருந்தச்சன், குணமல்லன், பையமிழிப்பான், சாதமுக்கியன் முதலிய பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. இவர் அங்கே கல்வேலை செய்தோர் என்பது அறிஞர் கருத்து. நம் சிற்பிகள் தம் பெயரை மறைத்த துறவிகள் என்று மேடைதோறும் பேசப்படும் புகழுரைக்கு இப்பாறை இடந்தருவதாயில்லை. இப்பெயர்களை அறிந்த தமிழர் மிகச் சிலரே. ஆயனச் சிற்பியை அறியாதாரோ அரியர். 1944 இல் தொடராக வெளிவரத் தொடங்கிய கல்கியின் சிவகாமியின் சபதம் மாமல்லபுரத்தின்பால் ஈழத்திலும் ஒரு தலைமுறையினரின் நெஞ்சைத் திருப்பியது, அந்நன்றி மறக்கற்பாலதன்று. எனினும் கற்பனைச் சிற்பி ஒருவன் கல்லிற் பெயர் பொறித்த சிற்பிகளை மறைத்துவிட்டான். அரசர் பெயரிலும் இத்தகைய சிக்கலுண்டு. மகேந்திரன், மாமல்லன், பரமேசுவரன், இராசசிம்மன் எனப் பல தலைமுறையினர்க்குப் பங்கிட்டுரைக்கப்பட்ட இவ்வேலைகள் யாவும் இராசசிம்மன் காலத்தனவே என 1962 இல் நாகசாமி வாதித்தார். அக்கருத்தை எல்லோரும் ஏற்றிலர். ஆயினும் நாவலை வரலாறாகக் கொண்டு குகைதோறும் சிவகாமியைத் தேடுவோர் அறிந்துகொள்ள வேண்டிய வாதம் அது.

வேலை நடந்த முறையை அறிய விரும்புவோர் முற்றுப்பெறாத குகைகளையே நாடுதல் நன்று. கருங்கல் முகத்தில் முதலிற் சதுரக் கட்டங்களாக ஆழக் கோடு வெட்டி, பின் கட்டங்களை ஒவ்வொன்றாகத் தட்டி உடைத்து உட்சென்றிருக்கின்றனர். அக்கட்டங்கள் இன்றும் அப்படியே நிற்கின்றன. பெரும்பாறைச் சிற்பத்துக்கும் முற்றுப்பெறாத இணையொன்று சிறிது தூரத்தில் உண்டு. அங்கும் தவசியும் யானைகளும் உள. உருவங்களின் எல்லை வெட்டப்பட்டும் நுண்வேலை செய்யப்படாமல் விடப்பட்டிருக்கின்றன. முதலாவதில் உள்ள உயிர் இதில் இல்லை. கதை ஒன்றே, அமைப்பும் ஏறத்தாழ ஒன்றே. இரண்டையும் ஒரே நாளிற் பார்ப்பவர்க்கு, பெயரால் விளங்காத வேறுபாடு எதுவென்பதைப் பாறையே காட்டும். அங்குச் செல்வோர் இப்பொழுதும் மிகச் சிலரே.