'செல்லம்மாள்' கதையில் கணவன் முகம்

புதுமைப்பித்தன் எழுதிய 'செல்லம்மாள்' 1943ஆம் ஆண்டில் 'கலைமகள்' இதழில் வெளிவந்தது. வறுமையிலும் வாடாத இல்லறக் காதலின் ஓவியம் என்று அதனைப் போற்றுவார் பலர். அக்கருத்தை மறுக்க வேண்டுவதில்லை. ஆயினும், அத்துணைக் காதலுடைய கணவன் தன் மனைவியின் கண்ணுக்குத் தானாகத் தோன்றாமற் போகும் ஓர் இடம் அக்கதையில் உண்டு. அதனைப் போற்றுவார் பலரும் விரைந்து கடந்து விடுகின்றனர்.

பிரமநாயகம் பிள்ளை சென்னையில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை பார்ப்பவர், செல்லம்மாள் நோயாளி. இருவர் பேச்சும் நெல்லை வழக்கில் அமைந்தது. தாமிரபரணிக் கரையார் அதனைப் படிக்கும்போது தம் வீட்டுத் திண்ணைப் பேச்சையே கேட்பர். பொங்கலுக்கு ஊர் சென்று வரவேண்டும் என்பது அவள் வேட்கை. கணவர் அதனை மறுப்பதில்லை, நிறைவேற்றுவதும் இல்லை. அடுப்பு மூட்டுகிறார், மருந்து கொடுக்கிறார், இரவெல்லாம் விழித்திருக்கிறார். அவள் உடலைக் காத்தவர், அவ்வேட்கையின் ஆழத்தைக் கண்டாரா என்பது ஐயத்திற்குரியது.

நோய் முற்றி அறிவு தடுமாறிய நிலையில், அருகிருந்த கணவரைத் தன் தாயென மயங்கி, எப்பொழுது வந்தாய் என வினவுகிறாள் செல்லம்மாள். தாயோ இறந்து ஆண்டுகள் சில ஆயின. பிள்ளை மறுத்துரைக்கவில்லை, தாயாகவே விடை கூறுகிறார். பின்னர் அவள், தன்னை ஊருக்குப் போகவிடாத ஒருவனை வஞ்சகன் எனக் கூவிப் பழிக்கிறாள். அப்பழி கணவரையே சுட்டுவதாகக் கொள்ளுதல் பொருந்தும். தாய் வேடத்தில் இருந்துகொண்டு, தம்மேல் வரும் வசையைத் தாமே கேட்க வேண்டிய நிலை! புதுமைப்பித்தன் இங்கே கணவருக்கு ஒரு புலம்பலும் தரவில்லை. தந்திருந்தால் கதை கெட்டிருக்கும்.

இது சுரவேகப் பிதற்றல்தானே, இதன்மேல் இத்துணைப் பொருள் ஏற்றலாமா எனச் சிலர் வினவக்கூடும். பிதற்றலும் உள்ளத்தில் கிடப்பதையே எடுத்துப் பேசும். அகத்திணை மரபில் வெறியாட்டு எனும் துறையை நினைக. அங்கே தாய் அருகில் நிற்கிறாள். தலைவி நெஞ்சோ தலைவனிடத்தது. மகளின் மெலிவைக் கண்ட தாய் அதன் காரணத்தைக் காணாமல் வேலனை அழைக்கிறாள். ஈண்டு அம்மரபு தலைகீழாகிறது. தலைவன் அருகில் நிற்க, தலைவி நெஞ்சு தாயைத் தேடுகிறது. காரணம் அறியாது மருத்துவரைத் தேடுபவர் தலைவர்.

அதே ஆண்டில் அதே இதழில் வந்த 'சாப விமோசன'த்தின் இறுதியும் இதனோடு ஒப்பிடத்தக்கது. கோதமன் அன்போடு அகலிகையைத் தழுவுகிறான். சீதை தீக்குளித்த செய்தியால் நெஞ்சு முறிந்திருந்த அவளுக்கோ அவன் கோதமனாகத் தோன்றவில்லை; கோதம உருக்கொண்ட இந்திரனாகவே தோன்றுகிறான். அவள் மீண்டும் கல்லாகிறாள். ஒருத்திக்குக் கணவன் தாய், மற்றொருத்திக்குப் பகைவன். இருவர்க்கும் முன்னே கணவன் முகம் அழிந்துவிடுகிறது. இருவரும் அதற்கு முன்பே, தம் உள்ளம் காணப்படாமல் இருந்தவர்கள் என்பதை மறத்தலாகாது.

கோதமன் துறவு பூண்டு கைலையை நோக்கிச் செல்கிறான். பிரமநாயகம் பிள்ளைக்கு அவ்வழியும் இல்லை. தாயாக விடை சொன்ன அதே வாயால் பின்னர்க் கணவராகவும் பேசுகிறார். அவள் இறந்தபின் உடலை நீராட்டி, அவளுக்கென வாங்கிய புடவையைச் சுற்றி, தலைமாட்டில் விளக்கேற்றி வைக்கிறார்.