காத்தா, தண்ணியா

மொனராகலைப் பக்கம் ரப்பர் தோட்டத்தில் என் சித்தி பால் வெட்டுகிறார். கத்தி பட்டையை மட்டும்தான் சீவ வேண்டும். ஒரு மயிரிழை ஆழமாகப் போனாலும் மரத்தில் காயம் விழும். மறுபட்டை முண்டும் முடிச்சுமாக வளரும். புண்ணாகிப்போன பெருங்குடலையும் மலக்குடலையும் எடுத்துவிட வேண்டும் என்று டாக்டர் சொன்னபோது சித்தி கேட்டது ஒன்றுதான்: "வாசலை விட்டு வைப்பீங்களா ஐயா?"

அந்த மலவாசல் மூன்று நான்கு சென்ரிமீற்றர் நீளம்தான். அதைச் சுற்றி இரண்டு தசை வளையங்கள். உள்வளையத்தின் தடிப்பு இரண்டு மூன்று மில்லிமீற்றர். ஸ்கானில் கறுப்பு வளையமாகத் தெரியும். அது நம் சொல் கேளாது. நாம் சும்மா இருக்கும்போது வாசல் மூடியிருப்பது பெரும்பாலும் அதனால்தான். வெளிவளையம் சொன்னதைக் கேட்கும், ஆனால் முழுப் பலத்தோடு ஒரு நிமிடம் பிடித்தாலே களைத்துவிடும். அப்படிப்பட்டது, கையும் காலும் துவண்டு நாம் தூங்கும்போதும் முழுக்கத் தளர்வதில்லை!

இதைவிட நுட்பம் ஒன்று உண்டு. மலக்குடலில் ஏதாவது வந்து நிறைந்ததும் உள்வளையம் ஒரு கணம் நெகிழ்ந்து கொடுக்கிறது. வந்தது சற்றே இறங்கி, நரம்பு நுனிகள் நெருங்கிய உட்தோலைத் தொடுகிறது. காத்தா, தண்ணியா, கெட்டியா என்று அந்தத் தோல் பிரித்தறிகிறது. அறிந்து முடியும்வரை வெளிவளையம் இறுக்கிப் பிடித்திருக்கிறது. பெரட்டுக் களத்தில் நின்று பேசிக்கொண்டிருக்கையில், பேச்சு அறுபடாமலே இத்தனையும் நடந்து முடிகிறது.

இந்த வாசலை விட்டு வைக்க வழி உண்டு. 1978இல் லண்டன் செயின்ட் மார்க்ஸ் வைத்தியசாலையின் அலன் பார்க்ஸும் நிக்கல்ஸும், சிறுகுடலின் கடைசிப் பகுதியை மடித்துத் தைத்து, பையாக்கி, வாசலோடு இணைக்கும் முறையை வெளியிட்டார்கள். 1980இல் ஜப்பானின் உட்சுனோமியா அதை எளிய ஜே வடிவமாக்கினார். தைத்த இடம் ஆறும்வரை வயிற்றில் துவாரம் வைத்து வெளிப்பை போடுவது வழக்கம்; சித்திக்கும் அப்படியே செய்தார்கள். 

வெளிப்பையை எடுப்பதற்கு முன் கையுறை விரலால் சோதித்தார்கள். "இறுக்குங்க அம்மா... இப்ப விடுங்க." மாதக்கணக்கில் வேலையின்றிக் கிடந்த தசை அது. தாதி சொல்லிக் கொடுத்தபடி சித்தி லயத்து வாசற்படியில் உட்கார்ந்து தினமும் இறுக்கி இறுக்கி விட்டுப் பழகினார். பார்ப்பவர்களுக்கு அவர் சும்மா மழையைப் பார்த்துக்கொண்டிருப்பது போலிருக்கும்.

வெளிப்பையை எடுத்த பின் ஒரு நாளைக்கு ஆறேழு தடவை வெளிக்குப் போனது, எல்லாம் கூழாக. கெட்டியைக் காத்துப் பழகிய வளையம் இனிக் கூழைக் காக்க வேண்டும்! முதல் கிழமைகளில் சித்திக்கு எதையும் பிரித்தறியத் தெரியவில்லை. பயந்து பயந்து எழுந்து ஓடினார். இரண்டு மாதம் கழித்து ஒரு விடியற்காலை, பாயை விட்டுப் பாதி எழுந்தவர் அப்படியே நின்றார். கொஞ்ச நேரம் கவனித்தார். "வெறும் காத்துதான் புள்ள" என்று சொல்லிவிட்டு மறுபடி படுத்துக்கொண்டார்.