தீ பிறக்கும் இடம்: சக்கிமுக்கித் துவக்கின் மரபுகளும் தரமும்

எங்கள் அம்மம்மாவின் அடுப்படியில் ஒரு இரும்பு ஊதுகுழல் கிடந்தது. முழத்துக்குச் சற்றுக் கூடிய நீளம். ஒரு முனை எண்கோணமாகவும் மற்ற முனை உருண்டையாகவும் இருக்கும். எண்கோணப் பக்கத்தில் ஈர்க்கு நுழையுமளவுக்குச் சின்னத் துளை ஒன்று. அதைப் பெருவிரலால் பொத்தாமல் ஊதினால் காற்றெல்லாம் பக்கவாட்டில் போய்விடும், அடுப்பு மூளாது. "ஓட்டையைப் பொத்திப்போட்டு ஊது மோனை" என்று அம்மம்மா சொல்லுவா. அது பழைய துவக்குக் குழலொன்றின் அடித்துண்டு என்பதும், நான் பொத்திய ஓட்டை வழியாகத்தான் ஒருகாலத்தில் வெடிமருந்துக்குத் தீ போனது என்பதும் விளங்க எனக்கு இருபது வருடம் பிடித்தது.

கம்மியர் தொழில் பற்றி இந்த மலருக்கு எழுதக் கேட்டபோது, மண்வெட்டியையும் வண்டிச் சில்லையும் மற்றவர்கள் பார்த்துக்கொள்ளட்டும், நான் இதை எழுதுகிறேன் என்று சொன்னேன். துவக்கு என்ற சொல்லைக் கேட்டால் நம் ஊரில் பேச்சு ஒருகணம் நின்றுவிடும். நான் எடுத்துக்கொள்வது அதற்கெல்லாம் வெகுகாலம் முந்திய ஒன்று. குழல்வாய் வழியே மருந்தையும் குண்டையும் இட்டுக் கெட்டித்து, கல்லை உருக்கில் உரசித் தீ மூட்டியது. படைகள் அதைக் கைவிட்டு ஏறத்தாழ 180 ஆண்டுகள் ஆகின்றன.

சுன்னாகம் சந்தைக்குக் கிட்ட, லொறி வில்லில் கத்தி அடிக்கும் முதியவர் ஒருவர் இருந்தார். எந்த இரும்பைக் கொடுத்தாலும் முதலில் சாணைச் சில்லில் ஒருதரம் தொட்டுப் பொறி பார்ப்பார். கட்டடக் கம்பி என்றால் பொறி நீளக் கோடாகப் போய் அணையும். பழைய அரம் என்றால் ஒவ்வொரு பொறியும் நுனியில் வெடித்துப் பூப்போலக் கிளைக்கும். "இது தோய்ச்சல் ஏற்கும்" என்று அரத்தை ஒருபக்கம் வைப்பார், கம்பியை எறிவார். சக்கிமுக்கித் துவக்கு முழுவதும் அந்தப் பார்வைக்குள் அடங்கிவிடுகிறது. பொறி கல்லிலிருந்து வருவதாகத்தான் நாங்கள் எல்லாரும் நினைக்கிறோம். கல் செய்வது உளியின் வேலை, எரிவது உருக்கு. விசையை இழுத்ததும், ‘குதிரை’ எனப்படும் சுத்தி முன்னே பாயும். அதன் வாயில் தோல்சுற்றி இறுக்கிய கல், எதிரே நிற்கும் உருக்கு முகத்தை மேலிருந்து கீழாகச் செதுக்கியபடி இறங்கும். சீவப்பட்ட உருக்குத் துகள்கள் உரசலின் சூட்டிலேயே எரிந்துகொண்டு கீழேயுள்ள கிண்ணத்தில் விழும். கிண்ணத்து மருந்து பற்றி, அந்தச் சுவாலை பற்றுவாய்த் துளைக்குள் பாய்ந்து உள்மருந்தை எட்டும். நன்றாக அமைந்த துவக்கில் இவ்வளவும் கண்ணிமைக்கும் நேரத்துக்குள் முடிந்துவிடும்.

நூதனசாலைகளில் இந்தத் துவக்குகளைப் பார்க்கும் நாங்கள் தந்தப் பதிப்பையும் வெள்ளி வேலைப்பாட்டையும் பார்த்துவிட்டுத் திரும்பி வருகிறோம். குழலும் கட்டையும் எவ்வளவு சிறந்திருந்தாலும் அரைச்சாண் அகலமுள்ள அந்தத் தீமூட்டும் பொறியமைப்பு ஒழுங்காக இல்லாவிட்டால் அது ஒரு கனமான தடி. மரபுக்கு மரபு பிரிந்ததும் அந்த அரைச்சாணில்தான்.

இவற்றுக்கெல்லாம் மூத்தது திரித்துவக்கு. புகைந்துகொண்டிருக்கும் திரியைக் கிண்ணத்தில் தொடுவதுதான் அதன் முழு இரகசியம். மலிவு, பழுது குறைவு. இந்தியாவில் பல இடங்களில் 19ஆம் நூற்றாண்டு வரை அது நிலைத்தது; தென்தமிழகத்துப் பாளையக்காரர் படைகளும் ஈட்டியோடு அதைத்தான் ஏந்தின. அதன் பகை மழை. 1619இல் பிலிப் டி ஒலிவேராவை யாழ்ப்பாண இராச்சியத்தின் மேல் அனுப்பிய போர்த்துக்கேயத் தளபதி கொன்ஸ்தந்தீனு டி சா, 1630இல் ஊவாப் பக்கம் ரந்தெனிவெலையில் கண்டிப் படைகளிடம் சிக்கி மாண்டார். அன்று பெய்த மழையில் அவருடைய ஆட்களின் திரியும் மருந்தும் நனைந்துபோயிருந்தன.

போர்த்துக்கேயர் கோவா வழியாகக் கொண்டுவந்த துவக்கை இரண்டு தீவுகள் பாடமாகப் படித்தன. 1543இல் தனெகஷிமாவில் அதைக் கண்ட ஜப்பானியக் கம்மியர் திரியையே பற்றிக்கொண்டு 19ஆம் நூற்றாண்டு நடுப்பகுதி வரை அதை மெருகேற்றினார்கள். இலங்கையின் கம்மியரோ திரியிலிருந்து கல்லுக்கு மாறி, தங்களுக்கென ஒரு வடிவத்தையும் உண்டாக்கினார்கள். போர்த்துக்கேயர் வந்தபோது துவக்கே இல்லாத நாட்டில் பின்னர் உலகின் மிகச் சிறந்தவை செய்யப்பட்டன என்று போர்த்துக்கேய வரலாற்றாசிரியர் தியோகோ டு கூட்டோ எழுதினார். வெள்ளிபோல் மின்னும் குழல்கள் என்று வியந்தார் ஒல்லாந்தர் லின்ஸ்கோட்டன். எதிரியும் வியாபாரப் போட்டியாளனும் கொடுத்த சான்றிதழ் என்பதால் இவற்றை நம்பலாம்.

இலங்கைத் துவக்கை ஒரே பார்வையில் அடையாளம் காணலாம். கட்டையின் அடி இரண்டாகப் பிளந்து சுருண்டிருக்கும். குதிரையை இயக்கும் வில் மறைவாக இல்லாமல் வெளியே தெரியும். எல்லாவற்றுக்கும் மேலாக, தீமூட்டும் பொறியமைப்பு இடப்பக்கத்தில் இருக்கும். ஐரோப்பியத் துவக்கில் அது வலப்பக்கத்தில். ஏன் இடம் என்பதற்குப் பல ஊகங்கள் உண்டு. எனக்கு ஒன்றிலும் திருப்தியில்லை. பி. ஈ. பி. தெரணியகல 1942இல் ரோயல் ஏசியாட்டிக் சங்கத்தின் இலங்கைக் கிளைச் சஞ்சிகையில் சிங்கள ஆயுதங்கள் பற்றி எழுதிய கட்டுரை இந்தத் துறையில் இன்னமும் முதற்படி. கண்டிக் கம்மியரின் வேலைகளை 1908இல் பெருநூலாக்கிய ஆனந்த குமாரசுவாமி தந்தைவழியில் நம் யாழ்ப்பாணத்தவர் என்பதையும் இந்த இடத்தில் சொல்லிக்கொள்ள எனக்கு ஆசை.

வில் வெளியே இருப்பது ஸ்பானிய ‘மிக்கலெட்’ மரபிலும் உண்டு. அங்கிருந்து துருக்கி, கோக்கசஸ் வரை பரவியது. முரட்டு வில். மட்டமான கல்லிலும் பொறி பறக்கும். வில் உடைந்தால் கட்டையைக் கழற்றாமலே தெரியும், ஊர்க் கொல்லனே மாற்றிவிடுவான். பிரான்சில் 1610 அளவில் மாரன் லெ பூர்ஷுவா உருவாக்கிய மரபு இதற்கு நேர்மாறு. பெருவில்லும் கொக்கிகளும் பொறியமைப்புத் தகட்டின் உட்பக்கம் போயின; உருக்கு முகமும் கிண்ண மூடியும் ஒரே துண்டாயின. கல் மோதும்போது மூடி தானாகத் திறக்கும் என்பதால் கடைசிக் கணம் வரை மருந்து மூடியே இருக்கும். உலகின் பெரும்படைகள் பலவும் பிற்காலத்தில் எடுத்தது இந்த வகையைத்தான். திப்புவின் ஸ்ரீரங்கப்பட்டினத்துப் பட்டறைகளும் இதையே பின்பற்றி, குதிரைக்குப் புலியுருவம் கொடுத்தன. லண்டனில் ஜோசப் மான்டன், டர்ஸ் எக், ஹென்றி நொக் போன்றோர் இதை எங்கே கொண்டுபோய் நிறுத்தினார்கள் என்றால், வில்லில் சின்ன உருளை, பற்றுவாய் அரிக்காமலிருக்கத் தங்கத்திலோ பிளாட்டினத்திலோ உள்வளையம், மழைநீர் வழிந்தோடும் கிண்ணம் என்று ஒரு கடிகாரக்காரனின் வேலையாகவே ஆக்கிவிட்டார்கள். அழகுதான். ஆனால் வன்னிக் காட்டில் அது பழுதானால் யாரிடம் கொண்டுபோவது?

சரி, தரம் என்றால் என்ன? முதலில் உருக்கு முகம். அது மெத்தென்று இருந்தால் கல் அதை உழுதுகொண்டு போகும். சிவப்புப் பொறி இரண்டு கிளம்பி நடுவழியில் அணையும். தோய்ச்சல் மிஞ்சிக் கடினமானால் கல் வழுக்கும், முகம் பொரிந்து உதிரும். சரியான பதத்தில் பொறி வெளிறிய மஞ்சளாக, கிண்ணத்தில் விழுந்த பிறகும் ஒருகணம் துள்ளும். நல்ல உருக்கு அரிதான காலத்தில், வெறும் இரும்பின் மேல் மெல்லிய உருக்குத் தகட்டை ஒட்டி முகம் அமைப்பார்கள். தேய்ந்தால் அதை மட்டும் மாற்றலாம்.

அடுத்தது கல். பிரித்தானியர் பயன்படுத்தியது சஃபொக் பகுதியில் பிரண்டன் ஊரின் கறுப்புக் கல், பிரான்சினது தேன்நிறம். பிரண்டனில் அதை உடைத்துச் சீவியவர்கள் தூசியால் நெஞ்சடைத்து இளவயதிலேயே மாண்டார்கள். கல்லின் கூர்விளிம்பு உருக்கு முகத்தின் முழு அகலத்தையும் ஒருசேரத் தொட வேண்டும். ஒரு மூலை முந்தினால் அந்த மூலை மட்டும் நொறுங்கும். தோலை மடித்து வாயில் வைப்பது வழுக்காமல் இருக்கவும் அடியின் அதிர்வைத் தாங்கவும். படைத்துவக்குகளின் கனத்த குதிரைக்குத் தோலுக்குப் பதில் ஈயத் தகடு சுற்றினார்கள். பாதி இழுத்து நிறுத்திய நிலையில் கல் உருக்கைத் தொடக்கூடாது, ஆனால் கிட்ட இருக்க வேண்டும். பிரித்தானியச் சிப்பாய்க்கு இருபது சூட்டுக்கு ஒரு கல் என்ற கணக்கில் கொடுத்தார்கள். அதற்குள் மழுங்கினால் அவனே தட்டிக் கூராக்கிக்கொள்ள வேண்டியதுதான்.

புதிதாகத் தொடுபவர்கள் தவறுவது கிண்ணத்தில்தான். நிறைய மருந்து போட்டால் நன்றாகப் பற்றும் என்று நினைப்பார்கள். பற்றுவாயை மூடுமளவுக்கு மருந்து ஏறினால் அது திரிபோல மணி மணியாக எரிந்துகொண்டு உள்ளே போகும். காதுக்கே கேட்கும் தாமதம் வரும். துளைக்குக் கீழே நிற்கும் அளவு மருந்தென்றால் சுவாலை நேரே பாயும். துளையை மெல்லிய கம்பியால் குத்தித் துப்புரவாக வைப்பதும், ஒவ்வொரு சூட்டுக்கும் பின் கல்லின் விளிம்பையும் உருக்கு முகத்தையும் காய்ந்த துணியால் துடைப்பதும் வேலையில் பாதி. எரிந்த கரிமருந்தின் கசடு காற்றின் ஈரத்தை உறிஞ்சிச் சேறாகிவிடும். எங்கள் ஊர் மாரியில், கடற்காற்றின் உப்போடு, அது ஒரு இரவில் செய்யக்கூடியதை நினைத்துப் பார்க்கிறேன். துருவுக்குப் பயந்து உருக்கு முகத்தில் எண்ணெய் பூசினால் இன்னொரு சிக்கல்: எண்ணெய்ப் பிசுக்கில் பொறி பறக்காது.

இவ்வளவு கவனத்துக்கும் கிடைத்த பலனை 1834இல் இங்கிலாந்தின் வுல்விச்சில் எண்ணிப் பார்த்தார்கள். 6000 சூடுகளில் சக்கிமுக்கித் துவக்கு 922 தடவை பற்றாமல் போனது. மோதினால் வெடிக்கும் புதிய செப்புக் குப்பி 36 தடவைதான். அதன் பிறகு பேச்சில்லை. சில ஆண்டுகளில் படைகள் மாறின. இலங்கையிலும் பிற்காலத்து நாட்டுத் துவக்கும் கிழக்கின் இடியன் துவக்கும் வேறு வழியில் போனவை.

கல்லும் உருக்கும் இன்று விளையாட்டுத் திடல்களில் உயிரோடிருக்கின்றன. 1971இல் தொடங்கிய உலக வாய்வழித்துவக்குச் சங்கத்தின் போட்டிகளுக்கு மரபுகளின் பெயரையே இட்டிருக்கிறார்கள்: திரித்துவக்குக்கு தனெகஷிமா, சக்கிமுக்கித் துவக்குக்கு மிக்கலெட், பறக்கும் மண்தட்டைச் சுடுவதற்கு மான்டன். இலங்கைக் கம்மியனின் பெயரில் ஒன்றுமில்லை. 1765இல் கண்டி அரண்மனையிலிருந்து ஒல்லாந்தர் அள்ளிப்போன பொருட்களில் ஆறு 2023இல் கொழும்புக்குத் திரும்பி வந்தன. அவற்றில் இரண்டு துவக்குகள். பத்திரிகைகள் அவற்றோடு வந்த பீரங்கியின் பொன்னையும் கல்லையும் எழுதின. துவக்குகளின் தீமூட்டும் இடத்தைப் பற்றி நான் ஒரு வரியும் படிக்கவில்லை.

கொழும்பு நூதனசாலையில் இடப்பக்கப் பொறியமைப்பை முதன்முதல் பார்த்தபோது எனக்கு நினைவில் வந்தது ஊதுகுழல். எங்கள் துண்டிலும் குறிபார்க்கும் மேடு ஒன்று மேலே இருந்தது. அதை மேல்நோக்கிப் பிடித்தால் ஓட்டை எந்தப் பக்கம்? இடம் என்றால் அது கண்டிப் பக்கத்துக் கம்மாலையில் பிறந்து எப்படியோ சுன்னாகம் வந்தது. வலம் என்றால் ஒல்லாந்தனுடையதோ வெள்ளைக்காரனுடையதோ. போய்ப் பார்க்க வழியில்லை. 1995 ஒக்டோபர் 30 இரவு, போருக்கு நடுவே வலிகாமமே எழுந்து நடந்தபோது அடுப்படியை யார் நினைத்தார்கள்? அடுத்த வருடம் திரும்பி வந்தபோது அம்மியும் குழவியும் இருந்தன, குழல் இல்லை.

போன மாதம் கனடாவிலிருக்கும் அக்காவிடம் கேட்டேன், ஊதும்போது எந்தப் பெருவிரலால் பொத்தினவள் என்று. கொஞ்ச நேரம் பேச்சில்லை. அடுப்பு முன்னால் குந்தியிருப்பதுபோல் கையை வைத்துப் பார்த்திருப்பாள் போலும்.

"இடக்கை" என்றாள். பிறகு, "பொறு, குழலைத் திருப்பிப் பிடிச்சனானோ தெரியேல்லை."