தாலாட்டும் தாள இயந்திரமும்: ‘டீப் ஃபாரஸ்ட்’ இசையில் குரலின் இடம்

எரிக் மூக்கே, மிஷேல் சான்சே என்னும் பிரெஞ்சு இசைஞர் இருவரின் ஒலிப்பதிவுக்கூடக் குழு ‘டீப் ஃபாரஸ்ட்’. 1992இல் வெளிவந்த அதன் முதல் தொகுப்பைக் குறித்த விவாதம் பெரிதும் அனுமதி, உரிமைத்தொகை ஆகியவற்றைச் சுற்றியே நிகழ்ந்துள்ளது. அவை தேவையான வினாக்களே. எனினும், இசையமைப்பே ஒரு பொருள்கோளாகச் செயல்படுவதும் அதே அளவு கவனத்திற்குரியது.

‘ஸ்வீட் லல்லபை’ பாடலின் மையக் குரல் சாலமன் தீவுகளைச் சேர்ந்த மலைத்தாவில் வாழ்ந்த அஃபுனக்வா என்னும் பெண்ணுடையது. இசை இனவியலாளர் ஹியூகோ ஜெம்ப் 1970இல் களத்தில் பதிவுசெய்த அது, யுனெஸ்கோ இசைவரிசையில் 1973இல் வெளிவந்தது. பெற்றோரை இழந்த பிள்ளைகளுள் மூத்தது இளையதை ஆற்றுவதாக அமைந்த பேகு மொழித் தாலாட்டு அது. பக்கவாத்தியம் ஏதுமற்ற அக்குரலுக்குத் தாள இயந்திரத்தின் மாறா நடை அடித்தளமாகிறது. நடு ஆப்பிரிக்கக் காட்டின் நீர்விளையாட்டு ஒலிகள் இடையிடையே வருகின்றன. பின்னர்ப் பல குரல்கள் அதனைச் சூழ்ந்துகொள்கின்றன. தனித்த ஒருவரின் ஆற்றுதல் கூட்டுக் களிப்பாகிறது. பாடலுக்குள் இருக்கும் இழப்பு கேட்பவரை எட்டுவதில்லை. தீவின் பாடல் காட்டின் பாடலாகவும் ஆகிவிடுகிறது. இம்மயக்கத்தின் வலிமைக்கு நார்வே இசைஞர் யான் கார்பரேக் சான்றாவார். 1996இல் அம்மெட்டை வாசித்த அவர் இட்ட தலைப்பே ‘பிக்மி லல்லபை’.

இதனால் கலப்பிசை முழுவதையும் மறுத்துவிட இயலாது. கிராமி விருது பெற்ற இக்குழுவின் ‘போஹேம்’ (1995) தொகுப்பில் ஹங்கேரியப் பாடகி மார்த்தா செபெஸ்டியனின் குரல், ‘மார்த்தாஸ் சாங்’ எனத் தலைப்பிலேயே பெயர் பெறுகிறது. அஃபுனக்வாவின் பெயரோ, ஸ்டீவன் ஃபெல்டு 2000இல் எழுதிய கட்டுரைக்குப் பின்னரே ஆய்வுலகில் பரவலாயிற்று.