பெட்டிக்குள் ஒரு கையேடு

பாசில் ரைட் 1934இல் எடுத்த ‘சோங் ஒஃப் சிலோன்’ ஆவணப்படத்தில் மலைநாட்டுப் பெண்கள் கொழுந்து பறிக்கும் காட்சிகள் வருகின்றன. படத்தின் வர்ணனையில் பெரும்பகுதி ரொபர்ட் நொக்ஸ் 1681இல் வெளியிட்ட நூலிலிருந்து எடுத்தது. கண்டி இராச்சியத்தில் பத்தொன்பது ஆண்டுகள் சிறையிருந்து தப்பிப்போன ஆங்கிலேயர் அவர். வர்ணனையை வாசிப்பவர் இலங்கைப் புகைப்படக் கலைஞர் லயனல் வென்ட். அவசரமே இல்லாத குரல். ஆனால் நொக்ஸ் எழுதிய காலத்தில் இந்த மலைகளில் தேயிலையே கிடையாது. லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலையைத் தோட்டப் பயிராக்கியது 1867இல். ஆகவே கூடை சுமந்து நிற்கும் பெண்களைப் பற்றி நொக்ஸின் சொற்களுக்கு ஒன்றும் தெரியாது. மூன்றாம் பகுதியில் ஒன்றன்மேல் ஒன்றாகக் கேட்கும் வணிகக் குரல்களோ விலையையும் சரக்கையும்தான் பேசுகின்றன. அந்தப் பெண்கள் தமிழர், தென்னிந்தியாவிலிருந்து தோட்ட வேலைக்குக் கொண்டுவரப்பட்டவர்களின் வழிவந்தோர் என்பதைப் படத்துக்கு வெளியே யாராவது சொல்லித்தான் பார்ப்பவர் அறிய வேண்டும். அதைச் சொல்ல மிகப் பொருத்தமான இடம் இறுவட்டுப் பெட்டிக்குள் வைத்துத் தரும் அச்சுக் கையேடு. பிரிட்டிஷ் திரைப்பட நிறுவனம் 2008இல் பிரிட்டிஷ் தபால் துறையின் (ஜி.பி.ஓ.) படப்பிரிவு எடுத்த ஆவணப்படங்களைத் தொகுத்து வெளியிட்டபோது முதல் தொகுப்பில் இந்தப் படத்தையும் சேர்த்தது. கூடவே கட்டுரைகளும் பட விவரங்களும் அடங்கிய ஒரு கையேட்டையும் வைத்தது. அதைப் பரிசுப் பொருளுக்குச் சுற்றும் வண்ணத் தாளாக நினைப்பவர்கள் உண்டு. படம் தன்னைப் பற்றித் தானே சொல்ல முடியாததைச் சொல்லும் பகுதி அது என்பதால், அதையும் வெளியீட்டின் ஓர் அங்கமாகவே எண்ண வேண்டும் என்பது என் கட்சி.

இந்த வழக்கத்தை மேல்நாட்டுச் சேகரிப்பாளரின் ஆடம்பரம் என்று நம்மவர் ஒதுக்குவது விசித்திரம்தான். தியேட்டர் வாசலில் சில்லறைக்கு விற்ற பாட்டுப் புத்தகம் வேறு என்ன? மட்டமான தாள், ஒற்றை நிற அட்டை, மை கசிந்து மூக்கும் முழியும் கலங்கிய கதாநாயகி. உள்ளே நடிகர் பெயர்கள். அடுத்து ஒலிப்பதிவு, ஒப்பனை, நடனம், ஸ்டூடியோ என்று தொழிலாளர் வரிசை. அதற்குப் பின் கதைச் சுருக்கம். கதை சூடு பிடிக்கும் இடத்தில் ‘மீதியை வெள்ளித்திரையில் காண்க’ என்று வெட்டிவிடுவார்கள். பிறகு பாட்டுகள், கடைசிப் பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் அச்சகத்தின் பெயர். வாங்கியவர் பாட்டுக்காகத்தான் வாங்கினார். ஆராய்ச்சியாளருக்கு இன்று பயன்படுவதோ அவர் புரட்டாமல் விட்ட அந்தப் பெயர் வரிசை. தமிழின் முதல் பேசும் படம் எனப்படும் ‘காளிதாஸ்’ (1931) இன்று பார்க்கக் கிடைக்காது. விளம்பரம், புகைப்படம், பாட்டுப் புத்தகம் என்ற தாள்களின் வழியாகத்தான் அதை அறிகிறோம். தியடோர் பாஸ்கரன் போன்றவர்கள் தமிழ்ச் சினிமா வரலாற்றை எழுதியதில் இத்தகைய தாள்களுக்குப் பெரும் பங்கு உண்டு.

இலங்கைத் தமிழ்ப் படங்களின் கதை இதைவிடக் கசப்பானது. 16 மி.மீ. படமான ‘சமுதாயம்’ 1962இல் வந்தது, 35 மி.மீட்டரில் முதல் படமான ‘தோட்டக்காரி’ 1963இல். மலையகத் தோட்ட மக்களின் வாழ்க்கையைப் பேசிய வி. பி. கணேசனின் ‘புதிய காற்று’ 1975இல் வந்தது. இவற்றைத் திரையில் பார்த்த தலைமுறை குறைந்துகொண்டே போகிறது. பார்க்காத தலைமுறை பார்க்க வழியும் இல்லை. தமிழருக்கு எதிரான 1983 ஜூலை வன்முறையில் ஹெந்தளை விஜயா ஸ்டூடியோ எரிக்கப்பட்டபோது அங்கிருந்த படச்சுருள்களும் எரிந்தன. சிங்களப் படங்களும் அதில் தப்பவில்லை. தம்பிஐயா தேவதாஸ் ‘இலங்கைத் தமிழ்ச் சினிமாவின் கதை’யை நூலாக எழுதி வைக்காமல் இருந்திருந்தால், யார் எந்தப் படத்தில் என்ன செய்தார்கள் என்பதில் பாதி நம் கையை விட்டே போயிருக்கும். படம் சில கொப்பிகளில் மட்டும் இருக்கும் பண்டம்; அச்சிட்ட தாள் நூற்றுக்கணக்கான வீடுகளுக்குப் பிரிந்து போகிறது. தீ வைப்பவனுக்கும் கறையானுக்கும் எல்லா வீடும் எட்டாது.

இதற்கு மறுப்புகள் உண்டு, முதலாவது வலுவானதும்கூட. இறுவட்டிலேயே இயக்குநரின் விளக்கக் குரலும் படம் உருவான கதையும் சேர்ந்து வருகின்றனவே, பிறகு தாள் எதற்கு? குரலுக்கும் நேர்காணலுக்கும் தாள் ஈடாகாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அவற்றைக் கேட்க ஒரு கருவி வேண்டும். வீடியோ கசெட்டும் விசிடியும் போன வழியிலேயே டிவிடியும் போகிறது. புதிய மடிகணினிகளில் அதைப் போடும் வாயே இல்லை. கையேட்டுக்கு வெளிச்சம் போதும். இன்ன பக்கத்தில் இன்னது இருக்கிறது என்று மேற்கோள் காட்டலாம், பிரதி எடுக்கலாம். கண்டிக்காரருக்கு இன்னொரு நியாயமும் பக்கத்திலேயே இருக்கிறது. நாட்டில் அச்சாகும் நூல்களின் பிரதி சட்டப்படி சேர வேண்டிய நூலகங்களில் பேராதனைப் பல்கலைக்கழக நூலகமும் ஒன்று. இங்கே அச்சிட்ட கையேட்டுக்கு அந்த அலுமாரியில் உரிமையோடு இடம் கேட்கலாம். எல்லாம் இணையத்தில் கிடைக்கிறதே என்பது அடுத்த வாதம். நம் விஷயத்தில் அது தலைகீழ். நூலகம் நிறுவனத்தின் இணையத் தளத்தில் நாம் இன்று வாசிக்கும் பழைய இலங்கைத் தமிழ் நூல்களும் இதழ்களும் முதலில் தாளாக இருந்து, யாரோ ஒருவர் வீட்டில் காப்பாற்றப்பட்டு, அதன் பிறகே ஸ்கேன் ஆயின. அச்சாகாததை ஸ்கேன் செய்ய முடியாது.

கையேடுகளில் பாதி வெறும் விளம்பரம் என்பார்கள். உண்மைதான். நட்சத்திரத்தின் நான்கு படங்களையும் தயாரிப்பாளரின் நன்றியுரையையும் போட்டுக் கனமான தாளில் விலை ஏற்றும் வெளியீடுகளைப் பார்த்தால் எனக்கும் எரிச்சல் வரும். ஆனால் நல்ல கையேடு என்ன செய்யும் என்பதற்கு கித்துள்கலையில் எடுத்த ‘த பிரிட்ஜ் ஒன் த ரிவர் குவாய்’ (1957) ஒரு நல்ல சோதனை. மூலநாவலாசிரியர் பியர் பூல் மட்டுமே திரைக்கதை எழுதியவராக டைட்டிலில் வந்தார். ஒஸ்கர் விருதும் அவருக்கே போனது. உண்மையில் எழுதிய கார்ல் ஃபோர்மன், மைக்கேல் வில்சன் இருவரும் அமெரிக்காவின் கம்யூனிஸ்ட் கறுப்புப் பட்டியலில் இருந்ததால் பெயர் மறைக்கப்பட்டது. அகடமி அவர்களுக்கு விருதை அளித்தது 1984இல். அப்போது இருவருமே உயிரோடு இல்லை. பிற்காலச் சீரமைப்பில் டைட்டிலும் திருத்தப்பட்டது. நீதி கிடைத்தது, ஆனால் அநீதியின் தடயம் திரையிலிருந்து போய்விட்டது. இன்று படம் பார்ப்பவருக்கு அந்த டைட்டிலில் ஒரு காலத்தில் பொய் இருந்தது என்றே தெரியாது. படமே மாற்றப்படுகிறபோது, எது எப்போது மாறியது என்று பக்கத்தில் நின்று சொல்ல ஒரு தாள் தேவை. அன்று விற்ற விளம்பர மலரை அப்படியே மறுஅச்சிட்டுச் சேர்த்தால்கூட அது சாட்சியாகும்; விளம்பரத்தின் பொய்யும் தேதி போட்ட பொய்தானே. சீரமைப்புக் குறிப்பும் இந்த வகைதான். சத்யஜித் ராயின் ‘அப்பு’ வரிசைப் படங்கள் மூன்றின் நெகட்டிவ்கள் 1993இல் லண்டனில் தீயில் சிதைந்தவை. 2015இல் வந்த சீரமைப்பைப் பார்ப்பவருக்கு, எந்தப் பகுதி மூலத்திலிருந்து மீட்டது, எது வேறு பிரதியிலிருந்து நிரப்பியது என்ற கணக்கு தெரிய வேண்டாமா?

விலை என்ற தடை எஞ்சுகிறது. அதை நான் லேசாக எடுக்கவில்லை. வெளிநாட்டுப் பெட்டி ஒன்றை வாங்குவது இங்கே சம்பளக்காரருக்குக் கட்டுப்படியாகாது. அதற்காக நாற்பது பக்க வழவழப்புத் தாளை யாரும் கேட்கவில்லை. பாட்டுப் புத்தகத்தின் தரத்தில், தையல் கம்பி இரண்டு அடித்த பதினாறு பக்கம் போதும். கண்டியில் பிறந்து, தர்மராஜ கல்லூரியிலும் பேராதனையிலும் படித்த தர்மசேன பத்திராஜ யாழ்ப்பாணத்தில் விரிவுரையாளராக இருந்த தொடர்பில் தமிழில் எடுத்த ‘பொன்மணி’ (1977) படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். எழுத்து காவலூர் ராசதுரை, இசை எம். கே. ரொக்சாமி. வசூலில் தோற்ற படம். அதன் நீண்ட மௌனங்களும் நகராத கமராவும் அன்றைய ரசிகரைச் சோதித்திருக்கும். சாதியையும் சீதனத்தையும் அது எந்த யாழ்ப்பாணத்தில் நின்று பேசுகிறது என்பது கண்டியில் இருக்கும் சிங்கள இளைஞருக்குத் தெரியாது. சிங்கள நெறியாளர் ஒருவர் ஏன் இப்படி ஒரு படத்துக்கு வந்தார், சிங்களத்தில் அவர் வேறு என்ன செய்தார் என்பது தமிழ் இளைஞருக்குத் தெரியாது. இந்தப் படத்துக்கு ஒரு கையேடு போடுவதானால் ஒரு பக்க அட்டையிலிருந்து தமிழும், திருப்பிப் பிடித்தால் மறுபக்க அட்டையிலிருந்து சிங்களமும் தொடங்க வேண்டும். இரண்டிலும் ஒரே கட்டுரையின் மொழிபெயர்ப்பைப் போட்டுவிட்டு ஒப்பேற்றக் கூடாது. இரு வாசகருக்கும் தெரியாதவை வேறு வேறு. நடித்தவர், ஒளி அமைத்தவர், உதவியாளர் என்ற முழுப் பட்டியலும் நடுப்பக்கத்தில் இரு எழுத்திலும் எதிரெதிராக வரட்டும்.