பூக்காத மரத்தையும் பாருங்கள்

ஞாயிற்றுக்கிழமை பூங்காவுக்கு வரும் குடும்பங்கள் ஊஞ்சலைச் சுற்றியே நின்றுவிட்டுத் திரும்புகின்றன. மரம் பார்க்கலாம் வாங்க என்றால், "அதெல்லாம் எங்களுக்குத் தெரியாதுங்க" என்று நழுவுகிறார்கள். தெரிந்தவன் எதற்குப் பார்க்க வேண்டும்? தெரியாதவர்களுக்குத்தானே இந்த விளையாட்டே!

பட்டையில் ஆரம்பியுங்கள். பிள்ளைகளைக் கையை வைத்துத் தடவச் சொல்லுங்கள். முதிர்ந்த வேம்பு வெடித்துக் கரடுமுரடாக இருக்கும். நீர்மருது வெளிறி வழவழக்கும், மெல்லிய செதிலாகத் தானே உதிரும். கொய்யாவும் அப்படித்தான் உரியும். ஆனால் அடியில் பச்சைத் திட்டு தெரியும். இளம் இலவமரத்தில் முள். வயதாக ஆகப் பட்டை மாறும் என்பதால் அதை மட்டும் நம்பாதீர்கள். அடுத்து இலை. எதிரெதிராக முளைக்கிறதா, மாறிமாறியா? கசக்கினால் வாசம் உண்டா, கிள்ளினால் பால் வருகிறதா? அரசமரத்து இலை நுனியில் வால் நீளம், பால் உண்டு. பூவரசுக்கு வால் குட்டை, வெள்ளைப் பால் கிடையாது, சுருட்டிப் பீப்பி ஊதலாம். தேக்கங்கொழுந்தைத் தேய்த்தால் விரல் சிவக்கும். முன்பின் தெரியாத மரத்தின் பாலைத் தொட்ட கையைக் கண்ணில் வைக்கக் கூடாது. தில்லை மரத்தின் பால் கண்ணுக்கே ஆபத்து. அடிப்படை முடிந்தது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். வேப்பமரத்தைக் காட்டி, "ஓர் இலை பறித்து வா" என்று பிள்ளையிடம் சொல்லுங்கள். ரம்பப் பல் விளிம்போடு, ஒரு பக்கம் சாய்ந்த துண்டு ஒன்றைக் கொண்டுவரும். அது இலை இல்லை, சிற்றிலை. இரண்டு பக்கமும் வரிசையாகச் சிற்றிலைகள் தொங்கும் அந்த ஈர்க்கு முழுவதும் சேர்ந்ததுதான் ஓர் இலை. எப்படித் தெரியும்? காம்பு கிளையோடு சேரும் மூலையைப் பாருங்கள். அரிசி நுனி அளவுக்கு ஒரு மொட்டு உட்கார்ந்திருக்கும். பாடப்புத்தகம் அதைக் கோணமொட்டு என்கிறது. சிற்றிலையின் அடியில் தேடினால் எதுவும் இருக்காது. மொட்டு எங்கேயோ, இலை அங்கேதான் தொடங்குகிறது. மாவுக்கும் புன்னைக்கும் தனி இலை. புங்கனுக்குச் சில பெரிய சிற்றிலைகள், வில்வத்துக்கு மூன்று. புளிக்கு ஒரே ஈர்க்கில் பொடிப்பொடியாக இரண்டு வரிசை. தூங்குமூஞ்சியில் ஈர்க்கே கிளைக்கிறது. முருங்கை இன்னும் ஒரு படி மேலே போய் மறுபடியும் கிளைக்கும். நீங்கள் சாம்பாருக்கு உருவிப்போடுவதெல்லாம் சிற்றிலைகள். இதைப் பற்றி ஒரு பக்கம் முழுக்க எழுதச் சொன்னாலும் எழுதுவேன், ஆசிரியர் விடமாட்டார்.

இவ்வளவு சொல்வதற்குக் காரணம் எரிச்சல்தான். மரம் பூத்தால் மட்டும் படம் எடுக்க ஓடுவது ரசனையே இல்லை. கொன்றை பூக்கும் சில வாரங்கள் போக மீதி நாளெல்லாம் அது உங்களுக்கு யாரோ. மொபைலை நீட்டி ஆப் சொல்லும் பெயரைப் படிப்பதும் அப்படித்தான்: பெயர் வந்ததும் கண் மூடிக்கொள்கிறது. லத்தீன் பெயரை ஒப்பித்துப் புதியவர்களை மிரட்டும் நிபுணர்கள் இன்னும் மோசம்.

மயிலாப்பூர் பக்கம் போனால் கபாலீசுவரர் கோயில் தலமரமான புன்னையைப் பாருங்கள். கீழே விழுந்த இலை ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தால், நடுநரம்பிலிருந்து இரு புறமும் மயிரிழை இடைவெளியில் நெருக்கமாக ஓடும் நரம்புகள் தெரியும். பூவுக்காகக் காத்திருக்கவே வேண்டாம்.

உங்களிடம் மட்டும் ஒன்று சொல்கிறேன். உங்கள் காம்பவுண்டுச் சுவர் ஓரமாகக் கம்பம்போல் வளர்ந்து, விளிம்பு நெளிந்த நீள இலையோடு நிற்கிறதே, நீங்கள் அசோகமரம் என்று சொல்லிக்கொண்டிருப்பது, அது நெட்டிலிங்கம். மொட்டைத் தேடுங்கள்: ஒவ்வொரு இலையின் அடியிலும் இருக்கும், எல்லாம் தனி இலை. உண்மையான அசோகத்துக்கு வேம்பைப்போல் சிற்றிலைகள் சேர்ந்த கூட்டிலை. செம்பு நிறத் தளிர் துவண்டு தொங்கும். இன்று மாலையே பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்ச் சரிபார்த்துவிடுங்கள்.