முன்பதிவு யாருடைய வசதிக்கு?

2017 ஜனவரி 23 அன்று ஷாவ்மியின் ரெட்மி நோட் 4 இந்தியாவில் முதல்முறையாக விற்பனைக்கு வந்தது. பத்தே நிமிடத்தில் இரண்டரை லட்சம் போன்கள் விற்றுத் தீர்ந்ததாக நிறுவனம் அறிவித்தது. அதே ஆண்டு மார்ச் மாதம், அன்று சித்தூர் மாவட்டத்தில் இருந்த ஸ்ரீசிட்டியில், ஃபாக்ஸ்கானுடன் சேர்ந்து அது தன் இரண்டாவது ஆலையைத் தொடங்கியது. அப்போது இன்னொரு கணக்கும் வெளியானது. இரண்டு ஆலைகளும் சேர்ந்து, வேலை நடக்கும் நேரத்தில், நொடிக்கு ஒரு போன் செய்யும் என்றார்கள். ஐயாயிரத்துக்கும் மேற்பட்டோர் வேலை செய்தார்கள்; பத்தில் ஒன்பது பேர் பெண்கள்.

இந்த இரண்டு கணக்குகளையும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். நொடிக்கு ஒன்று என்ற வேகத்தில் இரண்டரை லட்சம் போன் செய்ய ஏறக்குறைய எழுபது மணி நேரம் பிடிக்கும். இரவு பகலாக மூன்று நாள் செய்யும் வேலை பத்து நிமிடத்தில் காலியாகிறது. விற்பனை நடக்கும் அந்தப் பத்து நிமிடத்தில் அதே வேகத்தில் ஓடும் ஆலையிலிருந்து வெளிவரக்கூடியவை வெறும் 600 போன்கள். புது போன் கேட்டவுடன் கிடைக்காததற்கு அடிப்படையான காரணம் இதில் இருக்கிறது. வாங்குகிறவர்கள் ஒரே நேரத்தில் திரள்கிறார்கள். சரக்கு ஒவ்வொன்றாகத்தான் வருகிறது. இந்த இடைவெளியைச் சமாளிக்க வந்த ஏற்பாடுதான் முன்பதிவு. அது எந்த அளவுக்கு நல்ல ஏற்பாடு, எங்கே பிசகுகிறது, யாருக்கு லாபம் என்பதை எடைபோடுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆலை பக்கத்தில் இருப்பதால் சித்தூர், திருப்பதிக்காரர்களான நமக்கு முதலில் கிடைக்கும் என்று நினைப்பதற்கில்லை. ஸ்ரீசிட்டியில், சத்தியவேட்டுக்குப் பக்கத்தில் தயாராகும் போன் அங்கிருந்து நேரே சத்தியவேட்டுக் கடைக்குப் போவதில்லை. நாட்டின் வெவ்வேறு கிடங்குகளுக்குப் போய், இணைய விற்பனைத் தளங்களுக்கும் விநியோகஸ்தர்களுக்கும் பங்கிடப்பட்ட பிறகே திரும்பி வரும். 2022 ஏப்ரலில் மாவட்டம் பிரிந்து ஸ்ரீசிட்டி திருப்பதி மாவட்டத்துக்குப் போனது. வரிசையில் நம் இடம் மட்டும் மாறவில்லை.

மூன்று வகை

முன்பதிவு என்ற ஒரே பெயரில் மூன்று வெவ்வேறு வியாபாரங்கள் நடக்கின்றன. முதலாவது, அறிமுகத்துக்கு முன்பே வாங்கும் சிறு தொகை. 2024இல் சாம்சங் தன் கேலக்ஸி எஸ்24 வரிசைக்கு 1,999 ரூபாய் வாங்கிக்கொண்டு இடம் பிடித்து வைத்தது இந்த வகை. போனின் விலைகூட அப்போது தெரியாது. வேண்டாம் என்றால் பணம் திரும்பும். இரண்டாவது, விலை அறிவித்த பின் முழுப் பணமோ தவணையோ கட்டி, கைக்கு வரும் தேதியைப் பெற்றுக்கொள்ளும் முறையான முன்பதிவு. மூன்றாவது, பணம் கட்டாமல் பெயரை மட்டும் பதிந்துவிட்டு, குறித்த நாளில் குறித்த நிமிடத்தில் முண்டியடிக்கும் ஃப்ளாஷ் சேல். 2014 ஜூலையில் ஷாவ்மி எம்ஐ 3 போனுடன் ஃப்ளிப்கார்ட் வழியாக இந்தியாவுக்கு வந்தபோது பழக்கிவிட்டது இதைத்தான். அந்த ஆண்டு செப்டம்பரில் 5,999 ரூபாய் ரெட்மி 1எஸ் நாற்பதாயிரம் போன்கள் 4.2 நொடியில் தீர்ந்தன.

மூன்றையும் ஒரே தராசில் நிறுக்கக் கூடாது. முதலாவதில் வாங்குகிறவர் தருவது ஆர்வம், இரண்டாவதில் பணம், மூன்றாவதில் நேரமும் நம்பிக்கையும். பதிலுக்கு அவருக்கு என்ன கிடைக்கிறது என்று ஒவ்வொன்றிலும் தனித்தனியே கேட்க வேண்டும்.

நிறைகள்

2024 ஜனவரியில் கேலக்ஸி எஸ்24 வரிசைக்கு இந்தியாவில் மூன்று நாளில் இரண்டரை லட்சம் முன்பதிவு வந்ததாக சாம்சங் சொன்னது. ரெட்மி நோட் 4 பத்து நிமிடத்தில் விற்ற அதே எண்ணிக்கை. விலையும் வாங்குகிற கூட்டமும் வேறுதான். ஆனாலும் இரண்டரை லட்சம் பேர் பத்து நிமிடத்தில் மோதுவதற்கும் மூன்று நாளில் நிதானமாகப் பதிவதற்கும் உள்ள வித்தியாசமே முன்பதிவின் முதல் நிறை. தேவை என்னும் வெள்ளம் வாய்க்காலில் ஓடத் தொடங்குகிறது. ஆலையும் கிடங்கும் கூரியரும் அதைத் தாங்கும்.

இரண்டாவது நிறை, தயாரிப்பாளருக்குக் கிடைக்கும் தகவல். போனுக்கான சிப், திரை, கேமரா எல்லாவற்றுக்கும் மாதக்கணக்கில் முன்னதாகவே ஆர்டர் கொடுத்தாக வேண்டும். எந்த நிறம், எந்தச் சேமிப்பு அளவு எவ்வளவு போகும் என்பது அப்போது ஊகம்தான். அதிகமாகச் செய்தால், வாரத்துக்கு வாரம் மதிப்பிழக்கும் சரக்கு கிடங்கில் தேங்கும். குறைவாகச் செய்தால் வாடிக்கையாளர் வேறு கம்பெனிக்குப் போவார். பணம் கட்டிய முன்பதிவு அந்த ஊகத்தைக் கணக்காக மாற்றுகிறது. 2017 ஆகஸ்டில் ஜியோபோனுக்கு 500 ரூபாய் கட்டிப் பதிவு செய்தவர்கள் 60 லட்சம் பேர் என்று ரிலையன்ஸ் கூறியது. இரண்டொரு நாளில் பதிவை நிறுத்தி, வந்தவர்களுக்குக் கொடுத்து முடிப்பதில் இறங்கினார்கள். தாங்க முடியாத அளவு வந்ததும் கதவைச் சாத்தியது நேர்மையான செயல். இன்னும் பல லட்சம் பேரிடம் வாங்கிவைத்துக்கொண்டு தேதி சொல்லாமல் இழுத்தடித்திருக்கவும் முடியும்.

மூன்றாவது நிறை சிறிய ஊர்களுக்கு. சித்தூரில் ஒரு போன் கடைக்கு முதல் வாரத்தில் உயர்ரக மாடல் எத்தனை வரும் என்பது கடைக்காரர் கையில் இல்லை. விநியோகஸ்தர் கையில் இருக்கிறது. வாடிக்கையாளர் பெயர், நிறம், 256 ஜிபியா 512 ஜிபியா, கட்டிய அட்வான்ஸ் ஆகியவற்றை நோட்டில் எழுதிக்கொண்டு, விநியோகஸ்தருக்கு போன் போட்டு, "பணம் கட்டின ஆள் இருக்கார், ரெண்டு பீஸ் தாங்க" என்று கேட்க அவருக்குப் பிடிமானம் கொடுப்பது அந்த நோட்டுதான். இணையத்திலும் அப்படியே. 517001 என்று சித்தூர் பின்கோடையோ 517501 என்று திருப்பதி பின்கோடையோ அடித்தால், பணம் கட்டும் முன்பே கைக்கு வரும் தேதி தெரிகிறது. வேலூருக்கோ சென்னைக்கோ பஸ் ஏறிப் போய்க் கடை கடையாக விசாரித்த காலத்தோடு ஒப்பிட்டால் இது சிறிய லாபம் இல்லை.

குறைகள்

ஆனால் நிறுவனத்துக்குக் கிடைக்கும் இந்தத் தெளிவு வாங்குகிறவருக்குக் கிடைப்பதில்லை. முன்பதிவின் மிகப் பெரிய குறை இதுவே. எத்தனை பேர் பதிந்தார்கள் என்பதைப் பெருமையாக அறிவிக்கிறார்கள். எத்தனை போன் கையில் இருக்கிறது, அவற்றில் தென்னிந்தியாவுக்கு எத்தனை என்பதை யாரும் சொல்வதில்லை. வரிசையின் நீளம் தெரியும். பந்தியில் எத்தனை இலை என்பது மறைவாகவே இருக்கும். அதனால் நொடிக்கணக்கில் தீர்ந்தது என்ற பெருமைக்குக் காரணம் அதிகமான தேவையா, வேண்டுமென்றே குறைவாகக் கொண்டுவந்த சரக்கா என்று வெளியில் இருக்கும் யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது.

பொய்யான பற்றாக்குறையைக் காட்டி அவசரப்படுத்துவதை நம் சட்டம் இப்போது பெயர் சொல்லியே தடுக்கிறது. 2023 நவம்பர் 30 அன்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வெளியிட்ட வழிகாட்டு நெறிகள் பதின்மூன்று ஏமாற்று உத்திகளைப் பட்டியலிட்டன. பொய் அவசரம் அவற்றில் ஒன்று. ஆனால் இருப்பு எவ்வளவு என்பதை வெளியிடும் கடமை இல்லாதவரை, அவசரம் பொய் என்று வாங்குகிறவர் எப்படி நிரூபிப்பார்?

இரண்டாவது குறை, பொருளைப் பார்க்காமலே பணம் கட்டுவதில் உள்ள ஆபத்து. 2016 ஆகஸ்டில் சாம்சங் கேலக்ஸி நோட் 7 போனுக்கு இந்தியாவில் 59,900 ரூபாய் விலையில் முன்பதிவு நடந்தது. செப்டம்பர் 2 அன்று இங்கே விற்பனை தொடங்க வேண்டும். அன்றைக்கே, பேட்டரி தீப்பிடித்ததால், உலகமெங்கும் விற்ற 25 லட்சம் போன்களைத் திரும்பப் பெறுவதாக நிறுவனம் அறிவித்தது. அக்டோபரில் அந்த மாடலையே கைவிட்டது. இந்தியாவில் பதிந்தவர்கள் கைக்குப் போன் வராதது அவர்கள் நல்ல காலம். பெரிய நிறுவனத்தின் மிகச் சிறந்த போனுக்கே இந்தக் கதி நேரும் என்றால், முதல் நாளே வாங்குவதற்கும் ஒரு மாதம் பொறுப்பதற்கும் உள்ள வித்தியாசம் புரியும்.

இதே குறையின் இன்னொரு முகம், 2016 பிப்ரவரியில் 251 ரூபாய்க்கு ஸ்மார்ட்போன் என்று விளம்பரப்படுத்திய ஃப்ரீடம் 251. பதிவு தொடங்கிய நாளிலேயே இணையதளம் முடங்கியது. கோடிக்கணக்கானோர் பதிந்ததாக நிறுவனம் சொன்னது. சொன்ன அளவில் போன் வரவே இல்லை. பதிவின் எண்ணிக்கை பொருளின் உண்மைக்குச் சாட்சி ஆகாது என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் நாம் கண்டதில்லை.

மூன்றாவது குறையைச் சுமப்பவர்கள் சிறிய கடைக்காரர்கள். இணையத்துக்கு மட்டும் என்று அறிமுகமாகும் மாடல்களை அவர்கள் கண்ணாடி அலமாரியில் வைக்கவே முடியாது. அமேசானும் ஃப்ளிப்கார்ட்டும் போன் நிறுவனங்களோடு செய்துகொள்ளும் தனி அறிமுக ஏற்பாடுகள் உள்ளிட்ட புகார்களை விசாரிக்க இந்தியப் போட்டி ஆணையம் 2020 ஜனவரியில் உத்தரவிட்டது. 2024 மே மாதம் முதல் ஒன்பிளஸ் போன்களை விற்கப் போவதில்லை என்று தென்னிந்திய அமைப்புசார் சில்லறை வணிகர் சங்கம் அறிவித்தபோது, குறைந்த லாபத்தையும் நிறுவனத்தோடு தீராத சிக்கல்களையும் காரணமாகச் சொன்னது. அந்தக் கடைகளில் ஆந்திரத்துக் கடைகளும் இருந்தன. தொட்டுப் பார்த்து வாங்கவும், கோளாறு என்றால் கொண்டுபோய்க் காட்டவும் ஊரில் ஒரு கடை வேண்டும் என்றால், முதல் வாரச் சரக்கில் அந்தக் கடைக்கும் பங்கு இருந்தாக வேண்டும்.

திருமலை காட்டும் பாடம்

திருப்பதிக்காரர்களுக்கு முன்பதிவு புதியதல்ல. திருமலை திருப்பதி தேவஸ்தானம் 300 ரூபாய் சிறப்பு நுழைவு தரிசன டிக்கெட்டுகளை ஏறக்குறைய மூன்று மாதம் முன்னதாக, மாதந்தோறும் நாள் அறிவித்து இணையத்தில் வெளியிடுகிறது. எந்த நாளில், எந்த நேரத்தில் இடம் இருக்கிறது என்பது திரையில் தெரியும். இடம் மிகக் குறைவான சுப்ரபாதம், தோமாலை, அர்ச்சனை போன்ற சேவைகளுக்கு மின்குலுக்கல். அங்கே யாருடைய இணைய வேகமும் செல்லாது.

2025 ஜனவரி 8 அன்று வைகுண்ட ஏகாதசி தரிசன டோக்கனுக்காகத் திருப்பதியில் காத்திருந்த கூட்டத்தில் நெரிசல் ஏற்பட்டு ஆறு பேர் உயிரிழந்தனர். அதே ஆண்டு டிசம்பரில் வந்த அடுத்த ஏகாதசிக்கு, முதல் மூன்று நாள் டோக்கன்களை மின்குலுக்கலில் கொடுத்தார்கள். உயிர் போன துயரத்தையும் போன் விற்பனையையும் சமமாக வைக்க முடியாது. ஆனாலும் பங்கீட்டின் விதி இரண்டுக்கும் பொதுவானது. குறைவான பொருளை முந்தி வந்தவருக்கு என்று கொடுத்தால், முந்தும் பலம் உள்ளவருக்கே அது போய்ச் சேரும். போன் விற்பனையில் அந்தப் பலம் வேகமான இணையமும், தானாகவே பதியும் நிரலும், ஒரே ஆளின் பல கணக்குகளும். குப்பம், புங்கனூர் போன்ற சிறிய ஊர்களில் சுமாரான சிக்னலில் காத்திருப்பவர் பட்டனை அழுத்தும் முன் எல்லாம் முடிந்திருக்கும்.

திருமலையில் ஒரு நாளைக்கு இவ்வளவு பேர்தான் தரிசிக்க முடியும். அந்த அளவைத் தேவைக்கேற்பப் பெருக்க முடியாது. போனோ நாளைக்கும் தயாராகும், அடுத்த வாரமும் தயாராகும். ஆகவே அதற்குக் குலுக்கல்கூட வேண்டாம். தேதி உள்ள வரிசை போதும். முன்பதிவு என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும். ஃப்ளாஷ் சேல் இந்த அளவுகோலில் தேறாது.

வாங்குகிறவர் கணிக்க வேண்டியவை

நிறுவனம் இருப்பைச் சொல்லாதபோது, அறிகுறிகளை வைத்து நாமே கணிக்க வேண்டியிருக்கிறது. முதல் அறிகுறி, போன் எங்கே தயாராகிறது என்பது. 2022 நவம்பரில் சீனாவின் செங்சௌ ஆலையில் கொரோனா கட்டுப்பாடுகள் வந்ததும், ஐபோன் 14 புரோ மாடல்களுக்குக் காத்திருப்பு நீளும் என்று ஆப்பிளே அறிவித்தது. மறு ஆண்டு ஐபோன் 15 வந்தபோது, இந்தியாவில் தயாரான போன்களும் விற்பனையின் முதல் நாளில் இங்கே கிடைத்தன.

இரண்டாவது, மாடலுக்குள் இருக்கும் வித்தியாசம். புது நிறமும் மிக அதிகச் சேமிப்பும் பொதுவாகக் குறைவாகவே வரும். கறுப்பும் அடிப்படைச் சேமிப்பும் எளிதாகக் கிடைக்கும். மூன்றாவது, முதலில் காட்டும் தேதியைப் பார்த்துப் பதற வேண்டாம். 2017 அக்டோபர் 27 அன்று ஐபோன் எக்ஸ் முன்பதிவு தொடங்கிய சிறிது நேரத்திலேயே காத்திருப்பு ஐந்தாறு வாரம் என்று காட்டியது. பின்னர் அதுவே குறைந்துகொண்டு வந்தது. நான்காவது, காலண்டர். செப்டம்பரில் வரும் போனுக்கு முன்பதிவு செய்யும் முன், சில வாரத்தில் தசரா, தீபாவளி விற்பனை வருகிறது என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். சாம்சங் உயர்ரக மாடல்களின் விலை சில மாதங்களில் இறங்குவது வழக்கம். முன்பதிவில் கொடுக்கும் இரு மடங்கு சேமிப்புச் சலுகை, அவ்வளவு சேமிப்பு நமக்குத் தேவை என்றால் மட்டுமே லாபம்.

சட்டத்தையும் கையில் வைத்திருக்க வேண்டும். 2020 மின்வணிக விதிகளின்படி, நிறுவனம் தானாக ஆர்டரை ரத்து செய்யும்போது அதே கட்டணத்தைத் தானும் ஏற்காவிட்டால், வாங்குகிறவரிடம் ரத்துக் கட்டணம் வசூலிக்க அதற்கு உரிமை இல்லை. புகாரை 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகச் சொல்லி, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். தீராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணும் மாவட்ட நுகர்வோர் ஆணையமும் இருக்கின்றன. அட்வான்ஸ் ரசீதைப் பத்திரமாக வைத்திருப்பவருக்கே இவை பயன்படும். உள்ளூர்க் கடையில் கட்டினாலும், திரும்பத் தரும் நிபந்தனையை ரசீதிலேயே எழுதி வாங்குவது நல்லது.

தீர்ப்பு

தேதி உள்ள முன்பதிவு நல்ல ஏற்பாடு, காப்பாற்ற வேண்டியது. ஆனால் இன்றைய நிலையில், தேவையைக் கணிக்கும் செலவில் ஒரு பகுதியை வாங்குகிறவர் தன் பணத்தாலும் காத்திருப்பாலும் சுமக்கிறார். அதன் பலன் பெரும்பாலும் நிறுவனத்துக்கே போகிறது. அது நியாயமாக வேண்டுமானால் மூன்று கடமைகளைச் சட்டமாக்க வேண்டும். முதல் சுற்றில் எத்தனை போன் என்பதை முன்பதிவுக்கு முன்பே வெளியிட வேண்டும். சொன்ன தேதி தவறினால், கேட்காமலே முழுப் பணமும் திரும்ப வேண்டும். விநியோகம் ஆகி முப்பது நாளுக்குள் விலை இறங்கினால், முன்னால் வாங்கியவருக்கு அந்த வித்தியாசத்தைத் தர வேண்டும். தரிசன நாளும் இடமும் முன்கூட்டியே சொல்ல ஒரு கோயில் நிர்வாகத்தால் முடிகிறபோது, ஸ்ரீசிட்டியில் நொடிக்கு ஒரு போன் என்று எண்ணிச் சொல்லத் தெரிந்த தொழிலால் இவையும் முடியும்.